ஆயா வீட்டு ரவுட்டர் யாருக்கு வேலை செய்தது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறேன். இங்கே அதற்கு அவுட்பில்டிங் என்று பெயர். முன்வீட்டில் இருப்பவர் ஆயா. பாட்டியை ஆயா என்பது இந்த ஊர்த் தமிழர் வழக்கம், எங்கள் தெருவுக்கே அவர் ஆயா. வாடகையில் இணையமும் சேர்த்தி. அவர் கூடத்தில் டிவிக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டர்தான் எனக்கும். பகலில் ஒரு பட்டறையில் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். எத்தனையோ போர்டுகளைப் பிரித்துப் போட்டவன், நான் தினமும் பயன்படுத்தும் ரவுட்டரை ஒருநாளும் சோதித்ததில்லை. பச்சை விளக்கு எரிந்தது, இணையம் வந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

2025 மே கடைசி வாரத்தில் எதைத் தேடினாலும் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்ற பெட்டி வர ஆரம்பித்தது. சிக்னல் விளக்குப் படங்களைத் தொடு, பஸ் படங்களைத் தொடு என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை. உதிரிபாகம் வாங்கும் தளம் ஒன்று ‘அனுமதி இல்லை’ என்றே சொல்லிவிட்டது. போன் டேட்டாவில் போனால் அதே தளம் ஒழுங்காகத் திறந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பேரன் வீடியோவில் கூப்பிடும்போது படம் உறைந்து உறைந்து நிற்கிறது என்று ஆயாவும் சொன்னார்.

வீட்டின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் எங்கள் இணைப்புக்கு இருக்கும் எண்ணை, கெட்ட முகவரிகளைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்பிஎல் என்ற பட்டியலில் இருந்தது. பிறர் கைக்குப் போய்விட்ட கருவிகள் எந்த முகவரியிலிருந்து இயங்குகின்றனவோ அவற்றைச் சேர்க்கும் பட்டியல் அது. உடனே பதற வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் சில நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். அப்படியானால் பக்கத்துத் தெருக்காரர் செய்த வினை நம் தலையில் விழலாம். ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் அது பகிர்ந்த முகவரி. அதைப் பார்க்க ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போனேன். பக்கம் திறக்கவே இல்லை. ரொம்ப நாளாகவே திறப்பதில்லை என்றார் ஆயா. பாஸ்வேர்டை மறந்துவிட்டோம், அதனால்தான் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு தவறு என்றால் அந்தக் கேள்வியாவது வர வேண்டும். இங்கே வெற்றுப் பக்கம். இதை அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டேன். இணைப்பு புது முகவரியோடு வந்தது. அந்த முகவரி சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் பட்டியலில். மறுபடி நிறுத்திப் போட்டேன், இன்னொரு முகவரி, இரண்டே நாளில் அதுவும். பகிர்ந்த முகவரி, பழைய ஆள் விட்டுப்போன கறை என்பதெல்லாம் இதோடு முடிந்தது. எங்கே போனாலும் கூடவே வருகிறது என்றால் அழுக்கு வீட்டுக்குள் இருக்கிறது.

முதல் சந்தேகம் டிவி பெட்டி மேல். தமிழ் சீரியல் பார்க்க ஆயா வைத்திருக்கும் சின்ன ஆண்ட்ராய்டு பெட்டியில் தயாரித்தவர் பெயரே கிடையாது. பேட்பாக்ஸ் 2.0 என்ற போட்நெட்டைப் பற்றி, அதாவது கைப்பற்றிய கருவிகளின் படையைப் பற்றி, அந்த ஜூன் 5ஆம் தேதிதான் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருந்தது. இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே கெட்ட நிரல் ஏறிவிடுகிறது, அந்த வலையில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் சிக்கியிருக்கின்றன. ஜூன் 7 சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்ததும் பெட்டியைக் கழற்றி என் அறைக்கு எடுத்துப் போய்விட்டேன். இரண்டு நாள் ஆயா சீரியல் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பார்த்தால் முகவரி மறுபடியும் பட்டியலில். பெட்டியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெட்டிமேல் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் இந்தக் குற்றம் அதனுடையது அல்ல.

ஜூன் 14 சாயங்காலம் முறையாக உட்கார்ந்தேன். சுவரில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி105இ என்ற சின்ன ஸ்விட்சை வைத்தேன். ஒரு போர்ட்டில் ஓடுவதை இன்னொரு போர்ட்டில் பிரதியெடுத்துக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. பிரதி வரும் போர்ட்டில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பை மாட்டி, கம்பியில் ஓடும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓடவிட்டேன். வீட்டில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம்: டிவி பெட்டி, கேமரா பதிவுப் பெட்டி, என் கணினி, ஆயாவின் போன். ரவுட்டரில் வெளியே போகும் கம்பியைத் தவிர ஒன்றும் இல்லை, வைஃபையில் யாரும் இல்லை. இனி வெளியே ஒரு பாக்கெட் போனாலும் அது ரவுட்டரே அனுப்புவது.

டெல்நெட் என்பது தூரத்திலிருந்து ஒரு கருவிக்குள் நுழையும் பழைய வழி, அதன் வாசல் எண், அதாவது போர்ட், 23. அதை மட்டும் வடிகட்டச் சொன்னேன். ஒன்றுமே வரவில்லை. கால் மணி நேரம் வெறும் திரையைப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: எங்கள் இணைப்பு பிபிபிஓஇ, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நிறுவனத்தோடு இணையும் முறை. ஒவ்வொரு பாக்கெட்டும் இன்னொரு உறைக்குள் போகிறது. உறையைப் பிரித்துப் பார் என்று வடிகட்டியில் முதலில் சொல்லாவிட்டால் அது உள்ளே இருக்கும் போர்ட் எண்ணைத் தவறான இடத்தில் தேடும். வடிகட்டியின் முதல் சொல்லாக அந்த பிபிபிஓஇ குறிச்சொல்லைச் சேர்த்தேன்.

திரை நிறைந்து ஓட ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் எட்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் வேறு வேறு முகவரிக்கு, வேறு வேறு நாட்டுக்கு. எல்லாமே ‘பேசலாமா’ என்று கேட்கும் முதல் பாக்கெட்டுகள். பத்தில் ஒன்பது 23க்கு, ஒன்று 2323க்கு. பக்கத்தில் ஒரே ஒரு முகவரியோடு மட்டும் அறுபடாத தொடர்பு ஒன்று, அவ்வப்போது இரண்டு மூன்று பைட்டுகள் மட்டும் பேசிக்கொண்டு. ஆயா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வரிகளும் இந்த வீட்டுப் பேரில் போகின்றனவா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் நடுக்கமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு அடையாளத்தைச் சரிபார்த்தேன். இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் டிசிபி தொடர்பு தொடங்கும்போது ஒரு வரிசை எண் போடப்படும், யாரும் ஊகிக்க முடியாத எண்ணாக அது இருக்க வேண்டும். 2016இல் வெளிவந்த மிராய் என்ற நிரல் அந்த இடத்தில் எதிராளியின் ஐபி முகவரியையே எண்ணாக மாற்றிப் போட்டுவிடும். அனுப்பியதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, பதில் வந்தால் எண்ணைப் பார்த்தே நமக்கு வந்தது என்று தெரிந்துகொள்ளலாம், அதற்காக. உதாரண முகவரி ஒன்றைச் சொல்கிறேன்: 203.0.113.5. இதை ஒரே எண்ணாக எழுதினால் 3405803781. வரிசை எண்ணும் அதுவாகவே இருந்தால் அனுப்புவது மிராய் குடும்பம். நான் எடுத்த 20 பாக்கெட்டிலும் முகவரியும் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

மிராய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஆயா வீட்டுக்கு வந்தது அதன் வாரிசு என்பதால். தொழிற்சாலையில் போட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேமரா, பதிவுப் பெட்டி, ரவுட்டர் என்று பல லட்சம் கருவிகளுக்குள் அது புகுந்தது. 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற பெயர்-முகவரிச் சேவையை அந்தப் படை தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. அதற்கு முன்பே எழுதியவர்கள் மூல நிரலைப் பொதுவில் போட்டுவிட்டார்கள். அவர்கள் பிடிபட்டு 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் நிரல் ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கைவரிசையைச் சேர்க்கலாம். நம் ஆப்பிரிக்காவிலேயே லைபீரியாவின் லோன்ஸ்டார் தொலைபேசி நிறுவனத்தை இப்படி ஒரு படையை வைத்து ஒருவர் தாக்கினார், பிரிட்டன் நீதிமன்றம் 2019 ஜனவரியில் அவருக்கு 32 மாதச் சிறை கொடுத்தது.

நிர்வாகப் பக்கம் திறக்காத காரணமும் இப்போது தெரிந்தது. இந்தக் குடும்பத்து நிரல்கள் உள்ளே வந்ததும் டெல்நெட்டை மூடும். சில வாரிசுகள் நிர்வாகப் பக்கத்தையும் சேர்த்தே கொன்றுவிடும், தனக்குப் பின்னால் இன்னொரு திருடன் வரக்கூடாது என்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சோதனை. மிராய் வகை பெரும்பாலும் நினைவகத்தில் மட்டும் வாழும், மின்சாரம் போனால் அழிந்துவிடும். காலை 9:05க்கு ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். வெளியே போகும் வெள்ளம் நின்றது. நிர்வாகப் பக்கமும் திறந்தது! சரியாக 26 நிமிஷம். 9:31க்கு வெள்ளம் திரும்பி வந்தது, நிர்வாகப் பக்கம் செத்தது.

இந்த இடத்தில் என் பங்கையும் எழுத வேண்டும். 2023 லோட்ஷெடிங்கில், அதாவது முறைவைத்த மின்வெட்டில், ஆறாம் கட்டம் போய்க்கொண்டிருந்தபோது இந்த ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். இங்கே வீட்டுக்கு வீடு அது உண்டு. அதற்கு முன் ரவுட்டர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செத்துப் பிழைத்தது, ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது துடைக்கப்பட்டது. மினி யூபிஎஸ் வந்த பிறகு வருஷக்கணக்கில் அணையவே இல்லை. 26 நிமிஷத்தில் திரும்பி வருகிற ஒன்றை மின்வெட்டு தடுத்திருக்காது, அது தெரிகிறது. ஆனாலும் அந்த நிரலுக்கு ஒரு நொடிகூடத் தடங்கல் வராமல் மின்சாரம் ஊட்டியது என் கை என்ற எண்ணம் அன்றைக்கு முழுக்க என்னை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது சோதனை முழு ரீசெட். தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், உடனே 20 எழுத்துப் பாஸ்வேர்டு போட்டு, தொலைநிர்வாகத்தை அணைத்து, கருவிகள் தாங்களாகவே ரவுட்டரில் வாசல் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும் அணைத்தேன். ரீசெட்டில் பிபிபிஓஇ பயனர் பெயரும் போய்விட்டது. நிர்வாகப் பக்கம் உயிரோடிருந்த அந்த 26 நிமிஷத்தில் அதைக் குறித்துக்கொள்ளாதது என் பிழை. ஆயா உள்ளே போய்த் தாத்தாவின் கோப்பைக் கொண்டு வந்தார். ஏடிஎஸ்எல் காலத்துக் கடிதம் முதல் ஃபைபர் வந்தபோது கொடுத்த சீட்டு வரை தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் குறிப்பு. பயனர் பெயர், பாஸ்வேர்டு, ரவுட்டர் வாங்கிய ரசீது எல்லாம் இருந்தன. தாத்தா போய் நாலு வருஷம் ஆகிறது.

காலை 11:20க்கு ரீசெட் முடித்து இணைத்தேன். 11:58க்கு வெள்ளம் மறுபடியும்.

அதாவது பாஸ்வேர்டு வழியாக வரவில்லை. பதிவான பாக்கெட்டுகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். 11:57க்கு வெளியிலிருந்து 7547ஆம் போர்ட்டுக்கு ஒரு கோரிக்கை வந்திருந்தது. இணைய நிறுவனம் தூரத்திலிருந்தே வாடிக்கையாளர் ரவுட்டரைச் சரிசெய்ய வைத்திருக்கும் டிஆர்-069 வாசல் அது. ‘உன் நேரத்தை எந்தச் சர்வரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்வாய்’ என்று அமைக்கும் இடத்தில், சர்வர் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளை: இந்தக் கோப்பை இறக்கு, ஓடவிடு. ரவுட்டர் யோசிக்காமல் கீழ்ப்படிந்தது. போன் டேட்டாவிலிருந்து வீட்டு முகவரியை நானே தட்டிப் பார்த்தேன், 7547 விரியத் திறந்து கிடந்தது. நிர்வாகப் பக்கத்தில் அதை மூட ஒரு பொத்தான்கூட இல்லை.

இந்தத் துளை புதியதல்ல. 2016 நவம்பரிலேயே வெளியில் தெரிந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் இதே துளையைத் தேடி அலைந்த மிராய் அலை ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பைத் தடுமாற வைத்தது. ஆயா வீட்டு ரவுட்டரின் அடியில் இருந்த லேபிளில் மாடலையும் வன்பொருள் பதிப்பையும் படித்து, தயாரிப்பாளர் தளத்தில் தேடினேன். கடைசி ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் உள்நிரல், 2015இல். அதற்கப்புறம் ‘ஆதரவு முடிந்தது’ என்ற ஒரு வரி. துளை தெரியவந்தபோது அதை அடைக்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ரவுட்டரோ அடுத்த எட்டரை வருஷம் பச்சை விளக்கோடு ஓடியது.

ஆயாவிடம் மாற்ற வேண்டும் என்றேன்.

“பச்ச லைட்டுதான் எரியுதே தம்பி. வேல செய்றத ஏன் தூக்கிப் போடணும்? தாத்தா வாங்கினது.”

“வேலை செய்யுது ஆயா. நம்ம வேலையும் செய்யுது, வேற யாரோ சொல்ற வேலையும் செய்யுது. போலீஸ் தேடி வந்தா உங்க பேர்லதான் முகவரி இருக்கு.”

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படிக் கைப்பற்றிய ரவுட்டர்களைத் தாக்குதலுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை, வாடகைக்கும் விடுகிறார்கள். மோசடி செய்பவன் தன் முகவரியைக் காட்டாமல் யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டு இணைப்பு வழியாகப் போவான். வங்கி பார்த்தால் ஏதோ ஒரு வீட்டிலிருந்து யாரோ கணக்குப் பார்க்கிற மாதிரி இருக்கும். 2025 மே மாதம்தான் எஃப்பிஐ எனிபிராக்ஸி, 5சாக்ஸ் என்ற இரண்டு சேவைகளை முடக்கியது. ஆதரவு முடிந்த பழைய ரவுட்டர்களில் புகுந்து, அவற்றை மாதம் 9.95 டாலரிலிருந்து 110 டாலர் வரை வாடகைக்கு விட்டிருந்தார்கள். குற்றப்பத்திரிகைப்படி அவர்கள் சம்பாதித்தது 4 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல். கூடவே வந்த எச்சரிக்கையில் லிங்க்சிஸ் இ1200, இ2500, டபிள்யூஆர்டி320என் போன்ற மாடல்களின் பெயரே இருந்தது. பட்டறைக்கு வரும் பழைய சாமான்களில் இவற்றை நான் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறது என்று சொல்லி விற்றும் இருக்கிறேன். இனி விற்க மாட்டேன்.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “மருந்துக்குப் போடற மாதிரி இதுக்கும் தேதி போட்டிருக்கா?”

இந்த முழு விஷயத்திலும் இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்கவில்லை. இல்லை, போடுவதில்லை. பெட்டியின் ஆறு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தோம். வேகம் இருக்கிறது, ஆன்டெனா எண்ணிக்கை இருக்கிறது, எந்த வருஷம் வரை இதைப் பராமரிப்போம் என்று ஒரு எழுத்தும் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே வந்துவிட்டது: இணையத்தில் சேரும் கருவிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை கிடைக்கும் என்பதை வெளியிட வேண்டும், எல்லாப் பெட்டிக்கும் பொதுவான எளிய பாஸ்வேர்டு கூடாது. இங்கேயும் கடையில் வாங்கும்போது அந்தத் தேதியைக் கேட்கும் வழக்கம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அன்றிரவு ரவுட்டரைக் கழற்றியே வைத்தோம்.

பழைய பெட்டியிலேயே ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரைப் போட்டுக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்த்தேன், தாத்தாவின் ரவுட்டர் என்பதால். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி நினைவகம். அந்த அளவுக்கு இன்றைய பதிப்புகள் இல்லை, 19.07 தொடருக்குப் பிறகு 4/32 கருவிகளை விட்டுவிட்டார்கள். பழைய பதிப்பைப் போட்டால் நோய்க்குப் பதில் இன்னொரு நோய். ஆகவே டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒருவரிடமிருந்து 350 ரேண்டுக்குப் பழைய டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, பதிப்பு 2 வாங்கினேன். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி நினைவகம். வாங்குவதற்கு முன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பதிப்பு எண்ணை உறுதி செய்தேன். ஒரே மாடல் பெயரில் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே இருக்கும் சிப் மாறும். வெளிப் பெட்டியில் ஒன்றும் தெரியாது.

ஜூன் 16 இளைஞர் தினம், விடுமுறை. காலையில் ஆரம்பித்தேன். கோப்பை வேறு இணைப்பில் இறக்கி, தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டேன். வைஃபையில் ஃபர்ம்வேர் ஏற்றக் கூடாது, கம்பிதான். டிபி-லிங்க் பக்கம் முதலில் மறுத்தது. கோப்பின் பெயர் நீளமாக இருந்தால் ஏற்காது என்று கேள்விப்பட்டிருந்ததால் பெயரைச் சுருக்கினேன். அப்போதும் மறுத்தது. இந்தப் பதிப்புக்கு அமெரிக்கக் கோப்பு, ஐரோப்பியக் கோப்பு என்று இரண்டு உண்டு. நான் அவசரத்தில் அமெரிக்கக் கோப்பை எடுத்திருக்கிறேன். ஐரோப்பியக் கோப்பைக் கொடுத்ததும் ஏறியது. மூன்று நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன், அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பெட்டி செங்கல். மினி யூபிஎஸ் அன்றைக்கு நல்ல காரியத்துக்கு உதவியது.

ஓப்பன்டபிள்யூஆர்டி 24.10.1 எழுந்தது. 192.168.1.1இல் முதல் வேலை ரூட் பாஸ்வேர்டு, ஏனென்றால் ஆரம்பத்தில் அது காலியாக இருக்கும். வைஃபை அணைந்தே வரும், நாமே நாட்டை தென்னாப்பிரிக்கா என்று தேர்ந்து, பெயரும் டபிள்யூபிஏ2 சாவியும் கொடுத்துத் திறக்க வேண்டும். தாத்தாவின் சீட்டிலிருந்து பிபிபிஓஇ விவரம். வெளியிலிருந்து உள்ளே வர எந்த வாசலும் இல்லை. யூபிஎன்பி நாமாகச் சேர்த்தால்தான் வரும், சேர்க்கவில்லை.

ஒரு முழு மதியம் வாங்கியது கேமரா பதிவுப் பெட்டி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாசல் கேமராவைப் பேரன் பார்ப்பதற்காகப் பழைய ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். ரவுட்டரைப் பூட்டிவிட்டு அதை மட்டும் திறந்து வைத்தால் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. போர்ட்டை மூடிவிட்டு, சாவி வைத்து வீட்டு வலைக்குள் வரும் மறைவழியான வயர்கார்டு அமைத்தேன், பேரனுக்கு போனில் ஒரு கியூஆர் படம் அனுப்பினேன். அவர் சாவி உள்ள போனுக்கு மட்டும் பதில் வரும், மற்றவர்கள் தட்டினால் அங்கே கதவு இருப்பதே தெரியாது. டிவி பெட்டிக்கும் பதிவுப் பெட்டிக்கும் தனி வலை. டிவி பெட்டி இணையத்துக்குப் போகலாம், ஆயாவின் போனையோ என் கணினியையோ பார்க்க முடியாது. பதிவுப் பெட்டிக்கு இணையமும் கிடையாது.

மின்சாரம் பற்றி: புது ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் 2.5 ஆம்பியர் என்று இருந்தது, எங்கள் மினி யூபிஎஸ் 2 ஆம்பியர்தான் தரும், அதில் ஓஎன்டியும் தொங்குகிறது. மீட்டர் வைத்து அளந்தேன். யூஎஸ்பியில் ஒன்றும் மாட்டாதபோது ரவுட்டர் 0.7 ஆம்பியரைத் தாண்டவில்லை. இரண்டும் சேர்ந்தாலும் இடம் இருக்கிறது.

இரவு அதே ஸ்விட்ச், அதே லேப்டாப், வீட்டில் எல்லாம் கழற்றி, விடிய விடிய ஓடவிட்டேன். ரவுட்டர் தானாக வெளியே அனுப்பியது நேரம் கேட்கும் சில பாக்கெட்டுகள் மட்டும். உள்ளே வந்தவை ஓயவில்லை. 23க்கும் 2323க்கும் 7547க்கும் எங்கெங்கிருந்தோ நிமிஷத்துக்கு நிமிஷம் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தட்டுவதும் இன்னொருவர் வீட்டு ரவுட்டர்தான் என்று இப்போது தெரியும். எந்தத் தட்டலுக்கும் கதவு திறக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் தினமும் முகவரியைப் பட்டியலில் தேடினேன், இல்லை. ரோபோப் பெட்டியும் வருவதில்லை.

சனிக்கிழமை வகுப்பில் பெற்றோரிடம் சொன்னேன். ஐந்து பேர் தங்கள் ரவுட்டரின் அடி லேபிளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டுக்குப் புது ஃபர்ம்வேர் காத்திருந்தது, ஏற்றிக் கொடுத்தேன். ஒன்று சரியாகவே இருந்தது. மற்ற இரண்டும் ஆதரவு முடிந்தவை. அதில் ஒரு வீட்டில் மாற்றிவிட்டார்கள், இன்னொரு வீட்டில் சம்பளம் வரட்டும் என்கிறார்கள். அதுவரை தொலைநிர்வாகத்தை மூடி, பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து திறந்திருக்கும் போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். போதாது என்பதையும் சொல்லிவிட்டேன்.

தாத்தாவின் ரவுட்டரை ஆயா குப்பையில் போட விடவில்லை. இங்கே மின்கழிவைக் குப்பைமேட்டில் கொட்ட 2021 ஆகஸ்டிலிருந்து தடையும் இருக்கிறது. ரீசெட் செய்து, அடாப்டரைப் பிரித்து, சேகரிக்கும் இடத்தில் கொடுப்பதற்காக என் அறையில் வைத்திருக்கிறேன். ரசீதை மட்டும் ஆயா கோப்பில் பழைய இடத்திலேயே செருகினார். அதன் பின்னால் புது ரவுட்டருக்கு ஒரு தாள் வைத்து, பதிப்பு எண்ணும் தேதியும் என்னை எழுதச் சொன்னார்.

மாதம் ஒருமுறை புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். எந்தத் தேதி என்று கேட்டார். சமையலறையில் தொங்கும் கோயில் காலண்டரைப் பார்த்து, அமாவாசைக்கு அமாவாசை என்று அவரே முடிவு செய்தார்.

ஜூலை 24 ஆடி அமாவாசை. நான் வேலை முடிந்து வரும்போது தாத்தாவுக்குப் படையல் போட்டு முடித்து, எனக்குத் தட்டில் எடுத்து வைத்திருந்தார். சாப்பிட உட்காருவதற்கு முன், பார்த்தாயா என்றார். பார்த்தேன். ஜூன் கடைசியில் 24.10.2 வந்திருந்தது. கோப்பை இறக்கி, சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, அமைப்புகளை வைத்துக்கொள் என்று குறியிட்டு ஏற்றினேன். மூன்று நிமிஷம் டிவி நின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததும் ஆயா கோப்பைத் திறந்து, தாத்தாவின் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.